நடுவூரைத் தேடும் மருமகளுக்கு

மறைமலைநகர்

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய வரைபடம் கிடைத்தது. மறைமலைநகருக்குப் புதிதாக ஒரு மையப்பகுதி, அதன் நடுவில் 14 மாடி ஹோட்டல், சுற்றிலும் கடைகள், நீரூற்று, கார் நிறுத்துமிடம். கோடுகள் சுத்தமாக இருக்கின்றன. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நிழல் விழும் என்றுகூடப் போட்டிருக்கிறாய். ஆனால் ஓரத்தில் "இந்த ஹோட்டல் வந்தால் ஊர் வளரும்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரியோடுதான் எனக்கு வழக்கு.

வங்கியில் கடன் பிரிவில் இருந்த காலத்தில் லாட்ஜ், ஹோட்டல், கல்யாண மண்டபம் என்று எத்தனையோ திட்ட அறிக்கைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஊரை உண்டாக்குகிறேன் என்று யாரும் பணத்தோடு வந்து நான் பார்த்ததில்லை. இங்கே ஏற்கெனவே ஆள் நடமாட்டம் இருக்கிறதா, வருகிறவர்கள் இரவு தங்குவார்களா, தங்கினால் எவ்வளவு கொடுப்பார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் முதல் போடுவார்கள். ஊர் முன்னால் போகும், ஹோட்டல் பின்னால் வரும். நீ இதைத் தலைகீழாக வரைந்திருக்கிறாய்.

முதலில் நம் ஊர் எப்படி உண்டானது என்று பார். 1975-ல் அரசு ஏற்றுக்கொண்ட சென்னைப் பெருநகரின் முதல் முழுமைத் திட்டம், நகரத்தின் நெரிசலைக் குறைக்கத் துணை நகரங்களை முன்வைத்தது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, மறைமலைநகர் ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தவை. முதல் இரண்டும் ஏற்கெனவே இருந்த ஊர்கள். நம்முடையது மட்டும் பெருநகர வளர்ச்சிக் குழுமம் நிலம் எடுத்து, மனை பிரித்து, தொழிற்பேட்டை ஒதுக்கி, தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகளின் பெயரைச் சூட்டி எழுப்பிய ஊர்.

குடியிருப்புகளை என்.எச்.1, என்.எச்.2 என்று இன்னும் சொல்கிறோமே, அது நெடுஞ்சாலை எண் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது 'நெய்பர்ஹுட்' என்பதன் சுருக்கம். பள்ளி, பூங்கா, சில கடைகள் ஆகியவற்றை நடக்கும் தூரத்தில் வைத்து, வேக வாகனம் உள்ளே நுழையாத சிறு குடியிருப்புகளாக நகரத்தைக் கட்ட வேண்டும் என்று 1929-ல் அமெரிக்கர் கிளாரன்ஸ் பெர்ரி எழுதிய யோசனை, சண்டிகர் வழியாகவும் பிற புது நகரங்கள் வழியாகவும் உலகம் சுற்றியது. அதன் ஒரு கிளைதான் உன் பாட்டி வீட்டுத் தெரு.

இந்த முறையில் வீட்டுக்குப் பக்கத்து வசதி நன்றாக அமையும். ஊருக்குப் பொதுவான நடு தானாக அமையாது. காஞ்சிபுரத்துக்கு நடுவைக் கோயில்கள் கொடுத்தன. செங்கல்பட்டுக்கு ரயில் சந்திப்பும் நீதிமன்றமும் கடைத்தெருவும் கொடுத்தன. அங்கே யாரும் "இது மையம்" என்று வரைபடத்தில் வட்டம் போடவில்லை. வழக்குக்கு வந்தவரும் ரயிலுக்கு வந்தவரும் சாப்பிட, துணி எடுக்க, தங்க என்று ஒரே தெருக்களில் புழங்கியதால் நடு உண்டானது. திட்டமிட்ட ஊரில் அதை வேண்டுமென்றே அமைக்க வேண்டும்.

அமைத்தாலும் பிழைக்கும் என்று சொல்வதற்கில்லை. சண்டிகரில் 17-வது செக்டாரை நகர மையமாகவே ஒதுக்கினார்கள். விரிந்த முற்றம், அழகான கட்டடங்கள் எல்லாம் இருந்தன. குடியிருப்பு மட்டும் இல்லை. கடையும் அலுவலகமும் மூடியபின் அங்கே யாருக்கும் வேலை இல்லை. பின்னாளில் குளிரூட்டிய பெரிய மால்கள் வந்ததும், பகல் கூட்டத்திலும் ஒரு பகுதி அங்கே போய்விட்டது. உன் வரைபடத்திலும் மையத்தில் ஒரு வீடுகூட இல்லை என்பதைக் கவனித்தாயா?

இனி பணத்துக்கு வருவோம். கட்டடக்கலை மாணவிக்கு இது அவசியம் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் ஓவியத்தை யாரோ ஒரு கணக்கர் அரை மணியில் கிழித்துவிடுவார்.

ஹோட்டல் தொழிலில் ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. ஓர் அறையை உருவாக்க எவ்வளவு செலவோ, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒருநாள் சராசரி வாடகையாக வர வேண்டும். அறைக்கு 50 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள். அப்படியானால் வாடகை 5,000 ரூபாய். 100 அறை, அதில் 60 சதவீதம் நிரம்புகிறது என்றால் ஒரு நாளைக்கு 3 லட்சம், ஆண்டுக்கு ஏறக்குறைய 11 கோடி. நிரம்புவது 40 சதவீதத்துக்கு இறங்கினால் அதே கட்டடத்தின் வருமானம் 7 கோடியைச் சற்றே தாண்டும். காவலாளி, லிஃப்ட், வரவேற்பு மேசை, கடன் வட்டி எதுவும் அந்த அளவுக்கு இறங்காது. விற்காத சோப்பை நாளைக்கு விற்கலாம்; இன்றிரவு நிரம்பாத அறையை நாளைக்கு விற்க முடியாது. ஆகவே கடன் கொடுப்பவர் முகப்பின் அழகைப் பார்ப்பதற்கு முன், செவ்வாய்க்கிழமை யார் வருவார், ஞாயிற்றுக்கிழமை யார் வருவார் என்றுதான் கேட்பார்.

இந்தக் கேள்வியை நம் மாவட்டத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையான விடை கிடைக்கும். மறைமலைநகரின் செவ்வாய்க்கிழமை நிரம்பும். தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வரும் பொறியாளர், தணிக்கைக்கு வருபவர், மகேந்திரா சிட்டிக்கு வேலையாக வருபவர் எல்லாம் வாரநாள் விருந்தினர்கள். காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்.மில் சேர்க்கையும் பட்டமளிப்பும் நடக்கும் நாட்களில் பெற்றோர் கூட்டம் சேரும். சனி, ஞாயிறு வந்தால் ஊர் காலி. மாமல்லபுரத்தில் இதற்கு நேர்மாறு: சனிக்கிழமை அறை கிடைக்காது, செவ்வாயன்று கேட்ட விலைக்குக் கிடைக்கும்.

மாமல்லபுரம் அந்த வாரநாள் பள்ளத்தை நிரப்பிய விதம் படிக்க வேண்டிய பாடம். கோவளத்தில் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ் வந்தது 1974-ல். மாமல்லபுரக் கடற்கரையில் அரசின் அசோக் குழுமத்துக்குச் சொந்தமாக இருந்த டெம்பிள் பே, 2002-ல் பங்கு விலக்கலின்போது ஜி.ஆர்.டி. குழுமத்துக்குக் கைமாறி, இன்று ராடிசன் ப்ளூ என்ற பெயரில் நடக்கிறது. கடலையும் சிற்பத்தையும் மட்டும் நம்பாமல், மாநாடு, நிறுவனக் கூட்டம், கடற்கரைக் கல்யாணம் என்று வாரநாட்களுக்கும் முகூர்த்த நாட்களுக்கும் இந்தக் கடற்கரை விடுதிகள் ஆள் தேடின. 2019 அக்டோபரில் மோடி – ஷி ஜின்பிங் சந்திப்பு மாமல்லபுரத்தில் நடந்தது. மோடி கோவளத்தில் தங்கினார், ஷி தங்கியது கிண்டியில். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் ஃபோர் பாயிண்ட்ஸ் ஹோட்டல் வளாகத்தில் நடந்தபோது, 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகளைக் கிழக்குக் கடற்கரைச் சாலை, பழைய மாமல்லபுரம் சாலை நெடுகப் பல விடுதிகளில் தங்கவைத்தார்கள். விருந்தினரைக் கூட்டிவர ஓர் ஊருக்குப் பெயர் போதும். அவர்களின் பணம் அந்த ஊரிலேயே தங்க வேண்டுமானால், தங்குமிடமும் சாலையும் நடக்கிற தெருவும் ஒன்றோடொன்று சேர வேண்டும்.

அங்கே கையைக் கட்டும் விதிகளும் உண்டு. மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. 2010-ல் திருத்திய சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதியோடுதான் கட்டலாம். அதற்கு மேல் 1991-ல் தொடங்கிய கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள். நமக்குச் சிற்பமும் இல்லை, கடலும் இல்லை, ஆகவே அந்தத் தடைகளும் இல்லை. இதை வரம் என்று எண்ணிவிடாதே. தடை இல்லாத இடத்தில் என்ன வேண்டும் என்று ஊரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அது கடினம்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் வாரநாள் கூட்டம் நெடுங்காலம் ஃபோர்டு ஆலையைச் சுற்றியே இருந்தது. 1990-களின் இறுதியில் ஐகான் காரோடு தொடங்கிய உற்பத்தி அது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. 2022-ல் இங்கே கடைசி வண்டி வெளியேறியது. வேலை இழந்தவர்களின் கதை பெரியது, அதைத் தனியாக எழுத வேண்டும். இந்தக் கடிதத்துக்கு வேண்டியது ஒன்று: ஆலை நின்றால் உதிரிபாகக் கம்பெனி, வாடகைக் கார், மெஸ், லாட்ஜ் எல்லாவற்றுக்கும் சேர்த்தே செவ்வாய்க்கிழமை போய்விடும். 2024-ல் ஏற்றுமதிக்காகத் திரும்பி வருவதாக நிறுவனம் விருப்பக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில், 2029-ல் இன்ஜின் தயாரிப்பைத் தொடங்க அரசோடு ஒப்பந்தம் செய்தது. மகிழ்ச்சிதான். ஆனாலும் ஒரே வாசலை நம்பி ஊர் மையத்தை வரையக் கூடாது என்ற பாடம் அந்த இடைவெளியிலேயே கிடைத்துவிட்டது.

"மூலதனம் ஏன் நடுவூருக்கு வராமல் நெடுஞ்சாலை ஓரமே போகிறது?" என்று கேட்டிருந்தாய். அங்கே நிலம் பெரிய துண்டாக, ஒரே பட்டாவில் கிடைக்கும். கார் நேராக உள்ளே திரும்பும். பெயர்ப்பலகை தூரத்திலிருந்தே தெரியும். இதற்குமேல், 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு வெளியே வரும் மூன்று நட்சத்திர, அதற்கு மேற்பட்ட ஹோட்டல்களை மத்திய அரசு உள்கட்டமைப்புப் பட்டியலில் சேர்த்தது. அதனால் நீண்டகாலக் கடன் கிடைப்பது சற்று எளிதானது. அந்தச் சலுகை ஊரில் எத்தனை பேர் என்று பார்க்கிறதே தவிர, ஊருக்குள் எந்தத் தெரு என்று பார்ப்பதில்லை. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின், இரவு வண்டிக்குக் காத்திருக்கும் பயணியும் நமக்கு வடக்கே நின்றுவிட்டார். அவரை நம்பிக் கட்டுகிறவர் கிளாம்பாக்கத்துக்குத்தான் போவார்.

அப்படியானால் நடுவூரை எங்கே வைப்பது? என் விடை, ரயில் நிலையத்தை ஒட்டி. ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் நம் ஊரில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. மறைமலைநகர் காமராஜர் ரயில் நிலையத்தில் காலையும் மாலையும் இறங்கும் கூட்டம் ஆலை மூடினாலும் முற்றாக நிற்காது. மாணவர், ஆசிரியர், வியாபாரி எல்லாரும் அதில் உண்டு. நிலையத்திலிருந்து குடியிருப்புவரை நிழலோடு ஒரு நடைபாதை, நெடுஞ்சாலையைப் பயமில்லாமல் கடக்க ஒரு வழி, தரைத்தளத்தில் கடை, மேலே வாடகை வீடு, இடையில் நூலகமும் நகராட்சிச் சேவை மையமும். இவற்றை முதலில் வரை. சென்னையில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019-ல் திறந்ததைப் பார்த்திருப்பாய். அங்கே புதிதாகக் கட்டியது பெரும்பாலும் நடக்கும் இடம்தான். பல பத்தாண்டுகளாகக் கடையும் கூட்டமும் இருந்த தெரு என்பதால் அது பலித்தது. நம் ஊரில் கூட்டத்தைக் கொண்டுவருவது ரயில், ஆகவே நடைபாதை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

ஹோட்டலை வேண்டாம் என்று சொல்லவில்லை. 14 மாடியை விட்டுவிடு. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப்பரப்புக்கு அனுமதிக்கும் தளப்பரப்பின் விகிதம், உயரமில்லாத கட்டடங்களுக்கு 2, உயர்ந்த கட்டடங்களுக்கு 3.25. அகலமான சாலை, தீயணைப்பு வண்டி சுற்றிவர இடம் என்று உயரத்தோடு நிபந்தனைகளும் ஏறும். அறைக்கான செலவும் ஏறும். ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் வாடகையும் ஏறும். இயந்திரம் பொருத்த வரும் பொறியாளர் அந்த வாடகையைக் கொடுக்க மாட்டார். நான்கு மாடியில் 60 அறை போதும். தரைத்தளச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசல் தெருவைப் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமையை நிரப்ப நடுத்தரக் குடும்பம் தாங்கும் வாடகையில் ஒரு மண்டபம் வை. ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் சும்மா கிடக்கும். அந்த மாதங்களில் புத்தகச் சந்தையோ பயிற்சி வகுப்போ நடத்த இடம் கொடுக்கும்படி நிலக் குத்தகையிலேயே எழுதலாம். தண்ணீரையும் மறக்காதே: குளிக்க, துவைக்க, சமைக்க என்று ஒவ்வொரு அறையும் ஒரு குடும்பத்தைப் போலக் கேட்கும். பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் செடிக்கும் விடும் அமைப்பு வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

கடைசியாக, உன் நீரூற்று இருக்கும் இடத்தில் இப்போது விடிகாலையில் இட்லி வண்டியும் இரவில் பரோட்டாக் கடையும் நிற்கின்றன. ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்கு ஊரின் மையம் அதுதான். 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு நடத்தி முடிக்காமல் அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. வியாபாரப் பகுதிகளை வகுக்க நகர விற்பனைக் குழு வேண்டும். தண்ணீர்க் குழாய், விளக்கு, குப்பை எடுக்கும் ஏற்பாட்டோடு அவர்களுக்கு இடம் ஒதுக்கி வரை.

அடுத்த விடுமுறையில் வரும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வா. ஒரு செவ்வாய்க்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ரயில் நிலைய வாசலில் நின்று யார் இறங்குகிறார்கள், எந்தப் பக்கம் நடக்கிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள் என்று எண்ணு. நகராட்சியில் புறம்போக்கு, பொது இடங்களின் பதிவேட்டைக் கேட்டுப் பார். இந்த இரண்டும் கையில் இருந்தால் எந்த முதலீட்டாளரிடமும் நீ பேசலாம். அவரிடம் கெஞ்ச வேண்டியிருக்காது, ஊருக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கலாம்.

அன்புடன்,
அத்தை