தொகையும் விரியும்

நூலுக்குரிய அழகுகள் பத்தினை வகுத்த பவணந்தி முனிவர், நன்னூலிலே சுருக்கத்தை முதலாவதாகவும் விளக்கத்தை அதற்கு அடுத்ததாகவும் வைத்தார். விளக்கத்தைக் கெடுக்கும் சுருக்கம் அழகாகாது என்பது அவ்வைப்பு முறையினாற் பெறப்படும். இவ்வுண்மை செந்தமிழ் நூல்களுக்கு மட்டும் உரியதன்று. நம் மாணவர் இன்று பயிலும் கணினி மொழிகளுக்கும் உரியதாம். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியில் வழங்கும் சில சுருக்கங்களை, நம் இலக்கணத்தோடு ஒப்பிட்டு ஈண்டு ஆராய்வாம்.

நன்னூலுக்குக் காண்டிகையுரை தந்த நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879), தொடக்க மாணவர் பொருட்டு இலக்கணச் சுருக்கம் என்னும் நூலையும் அளித்தார். அவ்வழி இலக்கணம் கற்றோர், தொகைநிலைத் தொடர் அறுவகைப்படும் என்பதை அறிவர். உருபு முதலியன மறைந்து நிற்பது தொகை. அவற்றை வெளிப்படுத்தி உரைப்பது விரி. ‘பாற்குடம்’ என்பதில் ‘ஐ’ உருபும், ‘கொண்ட’ என்னும் பயனும் மறைந்துள்ளன. ஆதலின் அஃது உருபும் பயனும் உடன்தொக்க தொகையாம்.

ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை 1995இல் பிரெண்டன் ஐக் என்பார் பத்து நாளில் ஆக்கினார். 1997இல் அதற்கு நியமம் வகுக்கப்பட்டது. அம்மொழியிலே நிபந்தனையைப் பல வரிகளில் விரித்தெழுதலாம். ஒரே வரியில் தொகுத்தும் எழுதலாம்:

நிலை = புள்ளி >= 35 ? "சித்தி" : "சித்தியின்மை"

வினாக்குறி ‘ஆயின்’ என்றும், முக்காற்புள்ளி ‘அன்றேல்’ என்றும் பொருள் தரும். ஒரு நிபந்தனைக்கு இது மிக அழகிது. ஒன்றனுள் ஒன்றாக மூன்று நான்கு நிபந்தனைகளை அடுக்குவோமாயின், எழுதியவருக்கே பொருள் புலப்படாது.

2015இல் அம்புக்குறிச் சார்பு வந்து சேர்ந்தது:

இருமடங்கு = எண் => எண் * 2

ஈண்டு ‘சார்பு’ என்னும் சொல்லும், ‘விடையைத் திருப்பித் தருக’ என்னும் ஏவலும் ஒருங்கே மறைந்தன. இதனை உருபும் பயனும் உடன்தொக்க தொகையோடு ஒப்பிடலாம். ஆயின், அம்புக்குறிக்குப்பின் நெளிவு அடைப்பிட்டு அதனுள் கட்டளைகளை எழுதினால், மறைந்த ஏவலை நாமே வெளிப்பட எழுதுதல் வேண்டும். எழுதாதுவிடின் கணக்குச் செய்யப்படும். விடை மட்டும் வாராது.

இனி, பெருந்தவறுக்கு இடனாகும் சுருக்கம் ஒன்றைக் காண்பாம். ஒரு பாடசாலையின் புள்ளிப் பட்டியலை ஆக்கும் நிரலில் இவ்வாறு எழுதப்பட்டதெனக் கொள்க:

அறிக்கை = புள்ளி || "வரவில்லை"

‘புள்ளி இருப்பின் அதனைக் காட்டுக, இல்லையேல் வரவில்லை என்க’ என்பதே எழுதியவர் கருத்து. கணினியோ இடப்பக்கத்துப் பெறுமானம் மெய்யா பொய்யா என்று மட்டுமே நோக்கும். அதன் வழக்கிற் பூச்சியமும் பொய்யின்பாற்படும். ஆகவே, பரீட்சைக்கு வந்து, மூன்று மணி நேரம் இருந்து எழுதிப் பூச்சியம் பெற்ற மாணவனும் ‘வரவில்லை’ என்றே குறிக்கப்படுவான். முயன்று தவறியவனுக்கு ஆசிரியர் துணை வேண்டும். வாராதவனுக்கோ வீட்டார் விசாரணை வேண்டும். இரண்டு குறியின் சுருக்கத்தினால் இவ்விரு நிலையும் ஒன்றாகிவிடுகின்றன.

இக்குறையை நீக்க 2020இல் புதிய குறி ஒன்று நியமத்திற் சேர்க்கப்பட்டது:

அறிக்கை = புள்ளி ?? "வரவில்லை"

இது பெறுமானம் வெறுமையாகவோ வரையறுக்கப்படாமலோ இருப்பின் மட்டுமே வலப்பக்கத்தைக் கொள்ளும். பூச்சியம் பூச்சியமாகவே நிற்கும். நீளத்தில் இரு குறிகளும் ஒன்றே; விரியில் அவை வேறு. முன்னையது ‘மெய்யா?’ என வினவும்; பின்னையது ‘உளதா?’ என வினவும்.

ஒரு தொகை பல விரிக்கு இடந்தருதல் தமிழுக்கும் புதிதன்று. தொகைகள் இரண்டு முதல் ஏழு வரையான பொருள்களில் மயங்கும் என்பது நன்னூலார் கொள்கை. ‘மரவேலி’ என்னும் சொல்லை யாழ்ப்பாணத்தார் எவரிடமும் கூறிப் பார்க்க. மரத்தாலாய வேலி என ஒருவர் கொள்வர். கன்றுமரத்தைக் காக்க அதற்கு இட்ட வேலி என இன்னொருவர் கொள்வர். பூவரசும் கிளுவையும் கதியாலாக நின்று தழைத்த வேலியைக் கண்டு வளர்ந்தவரோ மரமே வேலி என்பர். கேட்கும் மனிதர் இடம் நோக்கிப் பொருள் தெளிவர். ஐயுற்றால் திருப்பிக் கேட்பர். கணினி கேளாது, தனக்கு விதித்த ஒரே விரியைக் கொண்டு நடந்துவிடும். ஆதலின், ஐயுறுங் கடமை எழுதுவோரையே சாரும்.

மாணவர்க்கு யாம் கூறுவன மூன்று. எச்சுருக்கத்தையும் கையாளுமுன் அதன் விரியை ஒருமுறை எழுதிப் பார்க்க. பூச்சியம், வெறுஞ்சரம், இல்லாத பெறுமானம் ஆகிய மூன்றையும் இட்டுச் சோதிக்க. பிறர் வாசித்து விளங்காத தொகையை, அஃது எத்துணைக் குறுகியதாயினும் விரித்தே எழுதுக. விரிக்க அறிந்தவனே தொகுக்க உரியவன். தமிழிலக்கணத்தை நன்கு கற்ற மாணவன் இப்பயிற்சியை முன்னரே பெற்றவனாவான். கணினிக் கூடத்துக்குட் புகும்போது அவன் இலக்கண நூலை வாயிலில் விட்டுச் செல்ல வேண்டுவதில்லை.