கிரேவி பாக்கெட் உப்பினால் விற்காதீர்கள்!



ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு முடித்து வரும் பிள்ளைகள் பலர் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். சோற்றை வடித்துக்கொண்டு, குழம்புக்கு நம் கடையில் கிரேவி பாக்கெட் வாங்குகிறார்கள். ஆகவே இந்தச் சரக்கைப் பற்றி நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

ஃபிரிட்ஜ் இல்லாமலே இது பல மாதம் கெடாமல் இருப்பது எப்படி? கிரேவியைப் பல அடுக்குப் பையில் அடைத்து, காற்றுப் புகாமல் ஒட்டி, சுமார் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். மைசூரிலுள்ள பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சிக்கூடம் நம் ராணுவத்தினருக்காக இம்முறையில் பல உணவுகளை உருவாக்கியது. அதன் காவல் அந்த ஒட்டுதான். ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் கிருமி உள்ளே போய்விடும்.

ஒரு கோடையில் எனக்கு வந்த பெட்டியில் இரண்டு பாக்கெட்டுகள் உப்பியிருந்தன. "தேதி இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே ஐயா, அழுத்திவிட்டு அடுக்கிவிடலாம்" என்றான் கடைப் பையன். நான் எடுத்துத் தனியே வைத்துவிட்டேன். அச்சிட்ட தேதி, பை முழுசாக இருக்கும்வரைதான் செல்லும். உப்பல் என்பது உள்ளே கிருமி வளர்ந்து வாயு உண்டாவதன் அடையாளம். பொட்டுலினம் என்ற கிருமியின் நஞ்சு மூச்சையே நிறுத்தக்கூடியது. அந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. ஆகவே முகர்ந்தோ ருசித்தோ சோதிக்கக் கூடாது.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. பெட்டி வந்ததும் பிரித்துப் பாருங்கள். உப்பல், கசிவு, ஒட்டுப் பிரிதல் இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

2. தகரக் கூரைச் சூட்டிலும் வெயிலிலும் வைக்காதீர்கள். மேலே அரிசி மூட்டை ஏற்றாதீர்கள். எலி அண்டவிடாதீர்கள்.

3. முதலில் வந்த சரக்கு முதலில் போகட்டும். காலாவதியான உணவை விற்றால், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மொத்த வியாபாரியும் பொறுப்பு, சில்லறை வியாபாரியும் பொறுப்பு.

4. வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: பிரித்த பின் மீதியை மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்து, ஓரிரு நாளில் தீர்க்க வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாதவர் ஒரு வேளைக்குரிய சிறிய பாக்கெட்டே வாங்கட்டும். வெளியில் பல மணி நேரம் கிடந்ததை மறுபடி கொதிக்கவைத்தாலும் சில கிருமிகளின் நஞ்சு போகாது.

இரண்டு பாக்கெட்டில் எனக்குப் போனது சில நூறு ரூபாய். அதை அடுத்த வாரமே சம்பாதிக்கலாம். நம்பி வாங்கிய பிள்ளை படுத்துவிட்டால் ஈடுகட்ட நம் கல்லாவில் என்ன இருக்கிறது?