உடற்கடிகாரத்தின் சக்கரத்தைக் காட்டும் எதிர்ப்பொருள்

கடிகாரத்தின் முள்ளை எல்லாரும் பார்க்கிறோம். உள்ளே சுழலும் சக்கரங்களைப் பார்க்க வேண்டுமானால் பின்மூடியைக் கழற்ற வேண்டும். உயிர்களின் உடலுக்குள்ளும் ஏறத்தாழ 24 மணி நேரத்திற்கு ஒருமுறை சுற்றி வரும் கடிகாரம் ஒன்று உண்டு. சேவல் விடியுமுன் கூவுவதும், இரவானதும் நமக்குக் கண்ணைச் சுழற்றுவதும் அதனால்தான். இந்தக் கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்ற அறிவியலறிஞர்களுக்கு உதவிய கருவி எது தெரியுமா, தோழியரே? அது இரும்பாலானதன்று, முயலின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள்!

1971-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கொனோப்கா, பென்சர் என்னும் இருவர் பழ ஈக்களை ஆராய்ந்தனர். கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு ஈக்கள்தாம் அவை. அவற்றுள் விந்தையான மூன்று வகைகளைக் கண்டனர். ஒரு வகைக்கு ஒரு நாள் என்பது 19 மணி நேரம்; மற்றொன்றுக்கு 28 மணி நேரம்; மூன்றாவதற்கோ இரவும் இல்லை, பகலும் இல்லை. எந்நேரமும் தாறுமாறாகத் திரிந்தது. மூன்றுக்கும் காரணம் ஒரே ஜீனில் ஏற்பட்ட மாற்றங்களே. அந்த ஜீனுக்குப் 'பீரியட்' என்று பெயரிட்டனர். 1984-இல் ஹால், ராஸ்பாஷ் ஆகியோர் ஒருபுறமும் யங் மறுபுறமுமாக அந்த ஜீனைத் தனியே பிரித்தெடுத்தனர். அது உண்டாக்கும் புரதத்தின் பெயர் 'பெர்'.

ஆனால் பெர் உடலில் எங்கே இருக்கிறது? எப்போது இருக்கிறது? ஓர் ஈயின் தலைக்குள் எத்தனையோ ஆயிரம் புரதங்கள். அவற்றுள் ஒன்றை மட்டும் பொறுக்கிக் காட்டுவது யார்?

நோய்க்கிருமி உடலில் புகுந்தால் அதற்கென்றே எதிர்ப்பொருள் உண்டாகிறது என்று பாடத்தில் படித்திருக்கிறோம். பூட்டுக்கு ஏற்ற சாவிபோல அது தன் இலக்கை மட்டும் பற்றிக்கொள்ளும். பெர் புரதத்தின் ஒரு சிறு துண்டைச் செய்து விலங்கின் உடலில் ஊசிமூலம் செலுத்தினால், அதன் உடல் அதையும் அந்நியன் என்றே கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கும். சில வாரங்கள் கழித்துச் சிறிது இரத்தம் எடுத்துத் தெளியவைத்தால் எதிர்ப்பொருள் கையில். இதற்குப் பெரும்பாலும் முயலைத்தான் பிடிக்கிறார்கள். (முயலை நினைத்தால் எனக்குச் சற்று வருத்தந்தான்.)

1988-இல் சிவிக்கி என்னும் அம்மையாரும் ஹால், ராஸ்பாஷ் முதலிய அவருடைய குழுவினரும் இத்தகைய எதிர்ப்பொருளைக் கொண்டு ஈயின் கண்களிலும் மூளைச் செல்களிலும் பெர் இருப்பதைக் கண்டனர். கண்களில் அது இரவில் மிகுந்தும் பகலில் குறைந்தும் காணப்பட்டது. சக்கரம் சுழல்வது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது!

இதை நான் சொன்னபோது எங்கள் அறிவியல் ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "எதிர்ப்பொருள் ஒட்டியது பெர் மீதுதான் என்று எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. எதிர்ப்பொருள் சில சமயம் உருவம் ஒத்த வேறு புரதத்திலும் ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் கண்டதெல்லாம் பொய்யாகிவிடுமே! இங்கேதான் இரவு பகல் அறியாத அந்த மூன்றாம் ஈ உதவிக்கு வருகிறது. அதன் உடலில் முழுமையான பெர் புரதம் உருவாவதே இல்லை. எனவே அதன் தலையிலும் எதிர்ப்பொருளைச் சோதிக்கிறார்கள். அங்கும் நிறம் தோன்றினால் அந்த நிறத்தை நம்பக்கூடாது. அங்கே ஒன்றும் தோன்றாமல், நல்ல ஈயில் மட்டும் தோன்றினால்தான் அது பெர். ஊனமுற்றது என்று ஒதுக்கத்தக்க ஈயே சாட்சி சொல்கிறது.

இன்னொரு முறையும் உண்டு. அதன் பெயர் 'வெஸ்டர்ன் பிளாட்'. சில மணி நேரத்திற்கு ஒருமுறை, நள்ளிரவிலும் விழித்திருந்து, ஈக்களைச் சேகரித்து உறையவைக்க வேண்டும். இருட்டில் வெள்ளை விளக்குப் போட்டால் ஈயின் கடிகாரம் குழம்பிவிடும். ஆகவே மங்கிய சிவப்பு விளக்கு. உறைந்த ஈக்களைக் குலுக்கிச் சலித்தால் தலைகள் தனியே பிரிந்துவிடும். அவற்றை அரைத்து, புரதங்களை மின்சாரத்தின் உதவியால் எடைவாரியாகப் பிரித்து, மெல்லிய தாள் போன்ற சவ்வில் பதிக்கிறார்கள். அடுத்து அந்தச் சவ்வை எதில் ஊறவைக்கிறார்கள் தெரியுமா? நம் வீட்டுச் சமையலறையில் உள்ளது போன்ற பால்பொடிக் கரைசலில்! பாலின் புரதம் வெற்றிடங்களையெல்லாம் அடைத்துவிடுவதால் எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாது. பிறகு எதிர்ப்பொருளை ஊற்றிக் கழுவினால், பெர் இருக்கும் இடம் கோடாகத் தெரியும்.

1994-இல் எடெரி என்பவரும் குழுவினரும் இம்முறையில் ஓர் அழகான செய்தியைக் கண்டனர். இரவு செல்லச் செல்ல அந்தக் கோடு மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. பெர் புரதத்தோடு பாஸ்பேட்டுகள் ஒவ்வொன்றாகச் சேர, அது நகரும் வேகம் குறைகிறது. விடிந்தபின் புரதம் சிதைந்து கோடும் மறைகிறது. இரவில் சேர்ந்த பெர், செல்லின் உட்கருவுக்குள் சென்று தன்னை உண்டாக்கும் ஜீனையே அடக்கிவிடுகிறது. அது சிதைந்தபின் ஜீன் மீண்டும் வேலையைத் தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள்! இந்த ஆராய்ச்சிகளுக்காக ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஈயின் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு குடும்பத்தார் பலர் அந்தி சாய்ந்ததும் உறங்கிவிடுவர்; விடிவதற்கு நெடுநேரம் முன்பே விழித்துக்கொள்வர். 2001-இல் அவர்களை ஆராய்ந்தபோது, மனிதருக்குள்ள பெர் புரதங்களுள் ஒன்றில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. பாஸ்பேட் சேர வேண்டிய இடம் அது.