காவலே கேடாதல்

1957ஆம் ஆண்டு மே திங்களில், சிங்கப்பூரிலிருந்து ‘ரஜுலா’ என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. பயணிகளோடு இன்புளுயன்சாவும் கரையேறிற்று. அந்நாளில் இந்நோயை ஆராயும் நிலையம் குன்னூரில் இருந்தது.

முதியோரையும் மழலையரையும் இந்நோய் வருத்துதல் இயல்பே. ஆயின், 1918ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட காளையரும் மிகப் பலர் மாண்டனர். வலியோர் வீழ்ந்தது எதனால்?

வைரசு நுரையீரலிற் புகுந்தவுடன், உடலின் உயிரணுக்கள் ‘சைட்டோக்கின்’ என்னும் வேதித் தூதுகளை விடுக்கின்றன. வெள்ளணுக்கள் திரண்டு போர் புரிகின்றன. தூது அளவு மீறினாலோ, நுண்குழாய்கள் கசிந்து, காற்றறைகளில் நீர் நிரம்பும். உயிர்வளி குருதியிற் கலவாது. கள்வனைப் பிடிக்க வந்த காவலர் வீட்டையே இடித்தது போலாம். 1918இன் இளைஞர் சாவுக்கு இதுவும் ஒரு காரணம் என அறிஞர் பலர் கருதுவர்.

ஆகவே, வைரசைத் தடுக்கும் ஓசல்டமிவிர் போன்ற மருந்துகளோடு, காவலையும் சற்றே அடக்கலாமோ என மருத்துவர் எண்ணினர். இஃது எளிதன்று, மிக அடக்கினால் வைரசு தழைக்கும். 2020இல் பிரிட்டனில் நிகழ்ந்த சோதனையில், செயற்கை மூச்சுக்கருவியில் இருந்த கோவிட் நோயாளரின் சாவை டெக்சாமெதசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. இன்புளுயன்சாவில் அத்தகைய பயன் ஐயமற நிறுவப்படவில்லை. ஆதலின் அந்நோய்க்கென அதனை எல்லார்க்கும் வழங்குவதில்லை.