பழைய புடவையும் பழைய சாக்கும்: கடைக்குப் பை, வீட்டுக்குப் பொருள்

நமது மளிகைக் கடைகளில் சரக்கின் விலையைக் கேட்பவர்களைவிட “பை இல்லையா?” என்று கேட்பவர்கள் அதிகம். தமிழ்நாட்டில் 1-1-2019 முதல் எந்த அளவிலும் எந்தத் தடிமனிலும் பிளாஸ்டிக் கைப்பை கொடுக்கக் கூடாது. துணி போலவே தோன்றும் நெய்யாத பைகளும் அந்தத் தடைப் பட்டியலில் உள்ளன. அது துணிதானே என்று நினைத்து வாங்கி அடுக்கி வைத்து, சோதனையின்போது அபராதம் கட்டிய வியாபாரிகள் உண்டு. மஞ்சப்பை இயக்கத்தை அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. 2022-ல் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் நாணயம் போட்டால் துணிப்பை தரும் இயந்திரமும் வந்தது. ஆனால் நம் கடை வாசலில் வெறுங்கையோடு வந்து நிற்கும் வாடிக்கையாளருக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். துவரம்பருப்பிலும் சர்க்கரையிலும் நமக்கு நிற்கும் லாபம் எவ்வளவு என்பது நமக்கே தெரியும். அதில் புதுத் துணிப்பை ஒன்றை இலவசமாகக் கொடுத்தால் மிச்சம் என்ன இருக்கும்?

இதற்கு ஒரு வழி நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. கட்டாத புடவைகளைப் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரிடம் போட்டு, அரை மணி நேரம் பேரம் பேசி ஓர் எவர்சில்வர் கிண்ணம் வாங்குவதோடு நம்மில் பலர் அவற்றை மறந்துவிடுகிறோம். அந்தப் புடவையில் எத்தனை பை இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு புடவையில் எத்தனை பை?

சாதாரணப் புடவை ஐந்தரை மீட்டர், அதாவது ஏறத்தாழ 216 அங்குல நீளம். அகலம் 45 அங்குலம். நீளவாட்டில் 36 அங்குலத்துக்கு ஒன்றாக ஆறு துண்டுகள் போடலாம். அவற்றில் ஐந்து துண்டுகளை அகலவாட்டில் 15 அங்குலமாக மும்மூன்றாகப் பிரித்தால் 15 அங்குலத்துக்கு 36 அங்குலமாகப் பதினைந்து துண்டுகள் வரும். ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்தால் ஒரு பை. அடியில் தையலே வராது. எடை தாங்குவதும் பாவு நூல்தான். ஆகையால் பை அடியில் பிய்த்துக்கொள்ளாது. மிச்சமுள்ள ஆறாவது துண்டை மூன்று அங்குல அகலப் பட்டைகளாகக் கிழித்தால் பதினைந்து பட்டைகள். அவற்றைப் பாதியாக வெட்டினால் முப்பது, அதாவது பதினைந்து பைகளுக்கும் இரண்டிரண்டு கைப்பிடி. துணி ஓர் அங்குலம்கூட வீணாவதில்லை.

இது ஏட்டுக் கணக்கு. கட்டிப் பழகிய புடவையில் கீழ்க்கரை தரையில் உரசி நைந்திருக்கும். தோளில் ஊக்குக் குத்திய ஓட்டைகள் இருக்கும். இடுப்பில் சொருகும் பகுதி இற்றுப்போயிருக்கும். புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நைந்த இடங்கள் சல்லடை போலத் தெரியும். இரண்டு கைகளாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சரசரவென்று கிழிந்தால் அந்தப் பகுதியைக் கைப்பிடித் துணிக்கும் கடை துடைக்கவும் ஒதுக்கிவிடலாம். இப்படிக் கழித்த பிறகு பத்துப் பன்னிரண்டு பைகள் தேறினால் நல்ல புடவை என்று கொள்ளலாம்.

பருத்திப் புடவையே உத்தமம். அதைக் கத்தரியால் வெட்டுவதைவிட, ஓரத்தில் சிறு வெட்டு வைத்துக் கையால் கிழித்தால் நூல் வழியே நேராக வரும். நைலக்ஸ், பாலியஸ்டர் புடவைகளில் ஓரம் பிரிந்துகொண்டே போகும், தையலும் வழுக்கும். பனியன் துணி கூடவே கூடாது. இரண்டு கிலோ வைத்ததும் முழங்கால் வரை நீண்டுவிடும்.

தைக்கும் முறை

துணியைச் சலவை சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே தைக்க வேண்டும். பக்கவாட்டில் இரட்டைத் தையல் அவசியம். முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்க, ஓரத்தையொட்டி ஒரு தையல் போட்டு, பையை உட்புறமாகத் திருப்பி, முதல் தையல் உள்ளே மறையும்படி இரண்டாவது தையல் போட வேண்டும். ஓரம் பிரிந்து நூல் தொங்காது. அடிமூலை இரண்டையும் முக்கோணமாக மடித்துக் குறுக்கே தைத்துவிட்டால் பைக்கு அடிப்பகுதி கிடைக்கும். எண்ணெய் பாக்கெட்டும் பருப்புப் பொட்டலமும் சரியாமல் உட்காரும். வாயை இரண்டு அங்குலம் மடித்து அடித்தால், பக்கத் தையலும் போக 14 அங்குல அகலம், 16 அங்குல உயரத்தில் பை தயார்.

பெரும்பாலான பைகள் கைப்பிடியில்தான் அறுகின்றன. பட்டையை நான்காக மடித்து நெடுகத் தைத்து, மேல் மடிப்புக்குள் ஒன்றரை அங்குலம் இறங்கும்படி வைத்து, சதுரமாக ஒரு தையலும் அதற்குள் பெருக்கல் குறி போலக் குறுக்குத் தையலும் போட வேண்டும். முதல் பையில் ஐந்து கிலோ உப்பை வைத்து ஒரு மணி நேரம் ஆணியில் தொங்கவிட்டுப் பாருங்கள். தாங்கினால் மற்றவற்றைத் தைக்கலாம்.

பொட்டலம் கட்டிய சரக்குக்கு மட்டுமே இந்தப் பை. அரிசி, பருப்பை நேராக இதில் கொட்டித் தர வேண்டாம். அதற்காகச் செய்தித்தாளில் கட்டித் தருவதும் சரியல்ல. அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் 2018-ஆம் ஆண்டு உணவுப் பொதிதல் விதிகளில் அது தடைசெய்யப்பட்டிருக்கிறது.

கூலியை எழுதுங்கள்

‘வீட்டில்தானே தைக்கிறார்கள், செலவே இல்லை’ என்று சில நண்பர்கள் சொல்வதைக் கேட்கிறோம். இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. புளியில் கொட்டை எடுப்பது, மிளகாயில் காம்பு கிள்ளுவது, பொட்டலம் மடிப்பது என்று நம் வீட்டுப் பெண்கள் செய்த வேலை எந்தப் பேரேட்டிலும் ஏறியதில்லை. பையும் அந்த வரிசையில் சேர வேண்டாம். ஒரு பைக்குத் தையல் கூலி 6 ரூபாய், நூலுக்கும் சாயத்துக்கும் 1 ரூபாய், 60 ரூபாய்க்கு வாங்கிய பழைய புடவையில் பன்னிரண்டு பை என்றால் துணிக்கு 5 ரூபாய். ஆக 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.) தைப்பவர் மனைவியானாலும் பக்கத்துத் தெருப் பெண்ணானாலும் அந்த 6 ரூபாய் அவர் கைக்குப் போக வேண்டும்.

12 ரூபாயை ஒவ்வொரு முறையும் நாம் தாங்க முடியாது, முன்பணம் வாங்கலாம். 15 ரூபாய் வாங்கிக்கொண்டு பையைக் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்தால் 15 ரூபாயையும் தந்துவிடுவது. கொண்டுவராவிட்டாலும் நமக்கு நஷ்டமில்லை. நான்கு முறை திரும்பி வந்த பைக்கு, துவைக்கும் செலவு தவிர, ஒரு தடவைக்கு 3 ரூபாய்கூட ஆகாது. ஆனால் இதைப் பலகையில் எழுதி, பில் போடும் முன்பே கண்ணில் படும்படி வைக்க வேண்டும். சண்டிகரில் ஒரு காலணிக் கடை, தன் விளம்பரம் அச்சிட்ட காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கியது. வாடிக்கையாளர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். 2019-ல் கடைக்கு எதிராகத் தீர்ப்பாகி இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. பையில் நம் கடைப் பெயரைப் போட்டு அதற்கு விலையும் வாங்குபவர்கள் இதைக் கவனத்தில் வைப்பது நல்லது. பெயரைச் சிறிதாகப் போட்டு, கீழே ‘திருப்பித் தந்தால் ரூ. 15’ என்று எழுதிவிடுங்கள். பழைய எக்ஸ்ரே படத்தில் எழுத்தை வெட்டியெடுத்து, துணிச் சாயத்தைப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் அச்சுக்கூலி மிச்சம். ஒரு நாள் காய்ந்த பிறகு பின்புறம் இஸ்திரி போட்டால் சாயம் துவைப்பில் போகாது.

சாக்கு விஷயம்

சணல் சாக்கை எடைக்குப் போடுவதற்கு முன் நல்லதாகச் சிலவற்றை எடுத்து வைக்கலாம். ஐம்பது கிலோ சாக்கு மூன்றடி உயரமும் இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் இருக்கும். இரண்டாக மடித்து, உள்ளே கிழிந்த துணியைப் பரப்பி, கோணி ஊசியால் கட்டம் கட்டமாகத் தைத்தால் வாசலுக்கு மிதியடி. பாதியாக வெட்டிச் சுவரில் தொங்கவிட்டு, மேலே நான்கு துணிப் பைகளை வைத்துத் தைத்தால் பில், சீட்டு, கத்தரி, சணல் உருண்டை எல்லாம் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். சணலை வெட்டியதும் இழை உதிர ஆரம்பிக்கும். வெட்டும் இடத்தின் இருபுறமும் அரை அங்குலம் தள்ளி முதலிலேயே தைத்துக்கொண்டு, பிறகு நடுவில் வெட்ட வேண்டும்.

எந்தச் சாக்கு என்பதும் முக்கியம். உர மூட்டை, மருந்து மூட்டையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. மிளகாய் மூட்டையை உதறினால் வீடே இருமும். நனைத்து அலசினாலும் குழந்தைகள் உட்காரும் இடத்துக்கு அது ஆகாது. சர்க்கரைச் சாக்கை ஊறவைத்து அலசாவிட்டால் எறும்பு வரும். தானியச் சாக்கின் தையலில் வண்டும் அந்தும் ஒளிந்திருக்கும். கொதிக்கும் நீரை ஊற்றி, இரண்டு நாள் நல்ல வெயிலில் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மூட்டை அரிசிக்கும் நாமே வண்டு வைத்த மாதிரி.

அரிசிச் சிப்பம் வரும் பிளாஸ்டிக் சாக்குக்குக் கைப்பிடி வைத்துக் கடையில் கொடுக்கலாமே என்று கேட்கிறார்கள். வேண்டாம். அதுவும் பிளாஸ்டிக் பைதான் என்று அதிகாரி சொன்னால் நம்மிடம் பதில் இல்லை. மாடித் தோட்டத்துக்கும் அது சரிப்படாது. சில மாத வெயிலில் நார் நாராக உதிர்ந்து மண்ணில் கலந்துவிடும். குடோனில் தரையில் விரித்து, மேலே மூட்டை அடுக்க உதவும்.

பழைய வேட்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வற்றல் வடகம் காயவைப்பதிலிருந்து இட்லித் துணி வரை நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததா! நமக்கு ஒன்று சொல்லலாம். நைந்த எட்டு முழ வேட்டியை இறுக முறுக்கி வளையமாகச் சுற்றி, மேலே புடவைத் துணியால் பொதிந்து தைத்தால் நல்ல சும்மாடு. மூட்டை இறக்க வருகிறவர் தம் தோள் துண்டையே சுருட்டித் தலையில் வைத்துக்கொள்கிறார். கடையில் இரண்டு சும்மாடு செய்து ஆணியில் மாட்டி வைத்திருந்தால் அவருக்குக் கழுத்து வலி குறையும். அடுப்படிக்குத் தைக்கும் கைப்பிடித் துணிக்கு மட்டும் பருத்தி வேட்டியையே எடுங்கள். பாலியஸ்டர் கலந்த துணி சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.