டீசல் வேனில் கரி வடிகட்டி அடைத்துக்கொண்டால்



2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பி.எஸ்.6 டீசல் வேன்களில் பெரும்பாலானவற்றில், புகைக்குழாயில் ஒரு வடிகட்டி உண்டு. மெக்கானிக்குகள் இதை டி.பி.எஃப். என்பார்கள். புகையிலுள்ள கரியை இது பிடித்து வைக்கும். சுமார் 600 டிகிரி சூடு ஏறும்போது கரி தானாக எரிந்துவிடும்.

ரங்கே கவுடர் வீதியில் சரக்கேற்றி, காந்திபுரம், சிங்காநல்லூர் என்று கடைக்குக் கடை நின்று இறக்கும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. கரி சேர்ந்துகொண்டே போகும்.

கவனிக்க வேண்டியவை:

1. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அன்றைக்கே நீலாம்பூர் தாண்டி சேலம் நெடுஞ்சாலையில், சுமார் 20 நிமிடம் நிற்காமல் சீராக ஓட்டுங்கள். வேகத்திற்குக் கையேட்டைப் பாருங்கள்.

2. விளக்கு அணையாமல் இழுவையும் குறைந்தால், மேலும் ஓட்டாமல் சர்வீஸுக்கு விடுங்கள்.

3. கரியை எரிக்கச் செலுத்தப்படும் டீசல் என்ஜின் ஆயிலில் கலக்கலாம். ஆயில் அளவு கூடியிருந்தால் மாற்றிவிடுங்கள். கையேடு சொல்லும், சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்றுங்கள்.

4. கரி எரிந்தவுடன் குழாய் கொதிக்கும். வைக்கோல், சாக்கு அருகே நிறுத்தாதீர்கள்.

5. வடிகட்டியைக் கழற்றிவிடச் சிலர் யோசனை சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதற்கு இடம் தரவில்லை.

அந்த விளக்கு எது என்று இன்றே ஓட்டுநருக்குக் காட்டிவையுங்கள். புது வடிகட்டியின் விலையோடு பார்த்தால் அரைமணி நேர டீசல் பெரிய செலவல்ல.