சிறுநீரில் தெரியும் நொதிகள்

அன்புள்ள கயல்விழிக்கு,

கைக்குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் வெளியே தெரிவது பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான். எரிச்சல் என்று சொல்லத் தெரியாத வயது; சிணுங்கலும் வாந்தியும் எந்த நோய்க்கும் பொருந்தும். தொற்றை உறுதிசெய்வது யூரின் கல்ச்சர். ஆனால் கிருமி வளர்ந்து முடிவு வர ஒன்றிரண்டு நாளாகும். அதுவரை காத்திருப்பதா, மருந்தைத் தொடங்குவதா என்று மருத்துவர் முடிவெடுக்க நொதிச் சோதனைகள் உதவுகின்றன.

முதலாவது லியூகோசைட் எஸ்டரேஸ். கிருமியை எதிர்க்க வரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களில் இருக்கும் நொதி இது. சோதனைப் பட்டையில் ஏற்றியிருக்கும் எஸ்டரை இது உடைக்கும். அதிலிருந்து பிரியும் பொருள் அங்குள்ள உப்போடு சேர்ந்து இரண்டு நிமிடத்தில் ஊதா நிறம் காட்டும். வெள்ளணுக்கள் சிதைந்த பிறகும் நொதி வேலை செய்யும் என்பதால், நுண்ணோக்கியில் எதுவும் தென்படாதபோதும் பட்டை நிறம் மாறுவதுண்டு. ஆனால் வெள்ளணு வந்திருக்கிறது என்பதைத்தான் இது சொல்லும். ஏன் வந்தது என்பதைச் சொல்லாது. கவாசாகி நோயிலும் கிருமியே இல்லாத சிறுநீரில் வெள்ளணுக்கள் வரும்.

அதே பட்டையின் இன்னொரு கட்டம் நைட்ரைட்டுக்கானது. இங்கே வேலை செய்வது கிருமியின் நொதி. குழந்தைகளின் சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை, உணவிலிருந்து வரும் நைட்ரேட்டைத் தன் ரிடக்டேஸ் நொதியால் நைட்ரைட்டாக்கும். இந்த மாற்றம் நடக்கச் சிறுநீர், சிறுநீர்ப்பையில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் தங்கவேண்டும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும் குழந்தையிடம் அது நடக்கிற காரியமில்லை. என்ட்ரோகாக்கஸ் போன்ற கிருமிகளோ நைட்ரேட்டைத் தொடுவதே இல்லை.

2011இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் தந்த கணக்கில், தொற்றுள்ள நூறு குழந்தைகளில் எஸ்டரேஸ் 83 பேரைப் பிடிக்கும், நைட்ரைட் 53 பேரைத்தான். தொற்றில்லாத நூறு பேரில் எஸ்டரேஸ் 22 பேரைத் தவறாகக் காட்டும், நைட்ரைட் இருவரை மட்டும். ஆகவே நைட்ரைட் ‘உண்டு’ என்றால் பெரிதும் நம்பலாம். ‘இல்லை’ என்றால் அதை வைத்துக் குழந்தையை வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஒட்டுப் பையில் பிடித்த சிறுநீரில் தோலின் கிருமிகளும் கலந்துவிடும். பட்டை நிறம் மாறினால் கல்ச்சருக்குக் கத்தீட்டர் வழியாக எடுப்பதே முறை.

தொற்று சிறுநீர்ப்பையோடு நின்றதா, சிறுநீரகம் வரை ஏறியதா? சிக்கலான கேள்வி இதுதான். இதற்காக ஆராயப்பட்டது என்.ஏ.ஜி. என்ற நொதி. சிறுநீரக நுண்குழல் செல்களில் இருக்கும் இது, பெரிய மூலக்கூறு; இரத்தத்தில் இருப்பது வடிகட்டியைத் தாண்டி வராது. எனவே சிறுநீரில் கூடினால், நுண்குழல் செல்களே அடிபட்டிருக்கின்றன என்று கொள்ளலாம். சிறுநீரின் அடர்த்தி வேளைக்கு வேளை மாறுவதால் அளவைக் கிரியேட்டினின் அளவால் வகுத்துப் பார்ப்பார்கள். ஆனால் ஜென்டாமைசின் போன்ற மருந்தும் அதே செல்களைத் தாக்கி இதைக் கூட்டும். வயதுக்கேற்பவும் அளவு மாறும். அன்றாடச் சிகிச்சையில் இது இடம்பிடிக்காததற்கு இவையே பெரிய காரணங்கள். சிறுநீரகம் வரை ஏறிய தொற்று விட்டுச்செல்லும் தழும்பைக் காட்ட இன்றும் டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன்தான்.

அன்புடன்,
பெரியப்பா